பாதி ஒளிக்கு எண் 188

கணினித் திரையில் கறுப்புக்கு எண் 0, வெள்ளைக்கு 255. நடுவில் இருப்பது 128. ஆகவே 128 என்று கொடுத்தால், வெள்ளைக்கு வரும் ஒளியில் பாதி வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 128க்குத் திரையிலிருந்து வருவது வெள்ளையின் ஒளியில் 21.6 சதவீதம்தான். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். உண்மையிலேயே பாதி ஒளி வேண்டுமென்றால் 188 என்று கொடுக்க வேண்டும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். ஏதாவது ஒரு வரைமென்பொருளில் புதிய படம் ஒன்றைத் திறந்து, ஒரு பிக்சல் உயரத்தில் கறுப்புக் கோடு, அதன் கீழே ஒரு பிக்சல் உயரத்தில் வெள்ளைக் கோடு என்று மாற்றி மாற்றி ஒரு சதுரத்தை நிரப்புங்கள். நாலைந்து கோடு வரைந்து காப்பி செய்து ஒட்டிக்கொண்டே போனால் சீக்கிரம் முடிந்துவிடும். அதன் இடப்பக்கம் 128 சாம்பலில் ஒரு சதுரம், வலப்பக்கம் 188 சாம்பலில் ஒரு சதுரம். படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் விழும்படி ஸ்கேலிங் எதுவும் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணைக் கொஞ்சம் இடுக்கி, திரையை நேராகப் பாருங்கள். கோடுகள் ஒன்றில் ஒன்று கரைந்து ஒரே சாம்பலாகத் தெரியும். அந்தச் சாம்பல் 188 சதுரத்தோடு ஒட்டிப்போகும். 128 சதுரம் பக்கத்தில் இருண்டு நிற்கும். கோட்டுச் சதுரத்தில் பிக்சல்களில் பாதி முழு வெளிச்சத்தில் எரிகின்றன, பாதி அணைந்து கிடக்கின்றன. எனவே அங்கிருந்து வருவது சரியாகப் பாதி ஒளி. 

இப்போது அந்தக் கோட்டுப் படத்தை மென்பொருளிலேயே பாதி அளவுக்குச் சுருக்குங்கள். பல மென்பொருள்கள் 0ஐயும் 255ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 128 என்று எழுதிவிடும். பாதி ஒளி வந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது. சுருக்கியதில் அளவு மட்டும்தான் மாற வேண்டும், ஆனால் வெளிச்சமும் போய்விட்டது. இரவு வானத்தைப் படமெடுத்துச் சுருக்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த இழப்புதான். கரிய வானத்தில் ஒரு நட்சத்திரம் ஒரே ஒரு பிக்சலில் 255 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பிக்சலை ஒன்றாக்கும்போது நேரடிச் சராசரி 64. அந்த எண்ணுக்குத் திரை தருவது 5 சதவீத ஒளி. தர வேண்டியது 25 சதவீதம், அதற்கான எண் 137. நட்சத்திரம் தன் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கை இழந்துவிட்டது. அதைப் பார்ப்பவர் கேமராவைத்தான் குறை சொல்வார்.

படக் கோப்பில் இருக்கும் எண்கள் ஒளியின் அளவுகள் அல்ல என்பதுதான் இதற்கெல்லாம் காரணம். அவை ஒரு வளைகோட்டின் வழியாக எழுதப்பட்ட குறியெண்கள். ஒளியைக் கூட்டிக் கழிக்க வேண்டிய இடத்தில் இந்தக் குறியெண்களைக் கூட்டிக் கழித்தால் விடை தப்பாகத்தான் வரும். முப்பரிமாண வரைகலையில் ரெண்டரிங் என்ற வேலை முழுவதும் ஒளியைக் கணக்குப் போடுவதுதான் என்பதால், அங்கே இந்தத் தப்பு புகாத இடமே இருக்காது. 

வளைகோடு எங்கிருந்து வந்தது? வழக்கமாகச் சொல்லப்படும் கதை பிக்சர் டியூபில் தொடங்கும். பழைய தொலைக்காட்சிகளிலும் சிஆர்டி மானிட்டர்களிலும் பின்னால் ஓர் எலக்ட்ரான் துப்பாக்கி இருக்கும். அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் திரையில் ஒளி பாதியாவதில்லை, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகிவிடும். மின்னழுத்தத்தை 2.2 முதல் 2.5 வரையிலான ஓர் அடுக்குக்கு உயர்த்தினால் ஒளியின் அளவு கிடைக்கும். இந்த அடுக்கைத்தான் காமா என்கிறார்கள். இதற்குத் திரையில் பூசிய பாஸ்பரைக் குற்றம் சொல்வது வழக்கம். உண்மையில் பாஸ்பர் தன்மேல் விழும் எலக்ட்ரான்களுக்கு ஏறத்தாழ நேர் விகிதத்திலேயே ஒளிர்கிறது. வளைவு துப்பாக்கியில், மின்னழுத்தத்துக்கும் அதிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் ஓட்டத்துக்கும் இடையில் இருக்கிறது.

இந்த வளைவை எங்கேயாவது நிமிர்த்தியாக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் பெட்டிக்குள் ஒரு சுற்று வைத்து நிமிர்த்தலாம், அல்லது ஒளிபரப்பும் இடத்திலேயே எதிர்த்திசையில் வளைத்து அனுப்பிவிடலாம். லட்சக்கணக்கான பெட்டிகளின் விலையைக் கூட்டுவதைவிட நிலையத்தில் ஒரே முறை செய்வது மலிவு. தொலைக்காட்சிப் பொறியாளர்கள் அதைத்தான் செய்தார்கள். 1953இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட என்டிஎஸ்சி வண்ணத் தொலைக்காட்சித் தரம், வீட்டுப் பெட்டியின் காமா 2.2 என்றே எடுத்துக்கொண்டது. கேமராவிலிருந்து வரும் சிக்னலை 1/2.2 அடுக்குக்கு வளைத்து அனுப்பினால், பெட்டி அதைத் தானாகவே நிமிர்த்திவிடும். இதுதான் காமா திருத்தம்.

இந்தக் கதையோடு நிறுத்திவிட்டால் ஒரு கேள்வி இடிக்கும். பிக்சர் டியூப் போய்விட்டது. எல்சிடியிலும் ஓஎல்இடியிலும் எலக்ட்ரான் துப்பாக்கி கிடையாது. பிறகு ஏன் இன்றைய கைப்பேசித் திரைகூட அந்தப் பழைய வளைவைப் பாவனை செய்கிறது? பழக்கத்தை விட முடியாததுதான் காரணம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிக்சர் டியூப் இல்லாத உலகில் கணினி பிறந்திருந்தாலும் யாராவது இப்படி ஒரு வளைவைக் கொண்டுவந்திருப்பார்கள். அதற்கான காரணம் நம் கண்ணில் இருக்கிறது.

இருட்டறையில் ஓர் அகல் எரிகிறது. இன்னொன்றை ஏற்றினால் அறையே மாறிவிடும். நூறு அகல் எரியும் இடத்தில் நூற்றொன்றாவதை ஏற்றினால் வித்தியாசம் கண்ணுக்குப் படுவதே அரிது. இரண்டு முறையும் கூடிய ஒளி ஒன்றுதான். புலன்கள் வித்தியாசத்தை விகிதமாகவே உணர்கின்றன என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வேபர் எடைகளைத் தூக்கச் செய்து கண்டறிந்தார். ஃபெக்னர் 1860இல் அதைச் சூத்திரமாக்கினார். நல்ல வெளிச்சத்தில் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரு சதவீத வித்தியாசம் தெரியும். புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதைப் பார்க்கும் எவரும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் சரிபாதி என்றுதான் சொல்வார்கள். குறியெண்ணில் அது 118, கிட்டத்தட்ட நடு.

இப்போது 256 எண்கள் மட்டுமே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு ஒளியை நேர் விகிதத்தில் பங்கிட்டுப் பார்ப்போம். வெளிச்சத்தின் உச்சியில் 254க்கும் 255க்கும் உள்ள வித்தியாசம் 0.4 சதவீதம். கண்ணுக்குத் தெரியாது, அந்த எண்கள் வீண். அடியில் 1க்கும் 2க்கும் உள்ள வித்தியாசம் 100 சதவீதம். நேர் விகிதத்தில் 0, 1, 2, 3 என்று போகும் முதல் நான்கு படிகளை இன்றைய குறியெண்ணில் எழுதினால் 0, 13, 22, 28 என்று வரும். 0க்கும் 13க்கும் இடையே நாம் இன்று பார்க்கும் பன்னிரண்டு இருள் நிழல்களும் காணாமல் போய்விடும். மாலை நேரக் காட்சி ஒன்றில் சுவரின் இருண்ட மூலை படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். அது தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 8 பிட்டுக்குப் பதில் 12 பிட்டோ அதற்கு மேலோ வேண்டும். வளைகோட்டின் வழியாகக் குறித்தால் எண்களில் பாதி, அதாவது 0 முதல் 128 வரை, ஒளியின் அடிமட்ட ஐந்தில் ஒரு பங்குக்கே போய்விடுகிறது. கண் எங்கே நுணுக்கமாகப் பார்க்கிறதோ அங்கே எண்கள் நெருக்கமாக நிற்கின்றன.

பிக்சர் டியூபின் வளைவும் கண்ணின் உணர்வு வளைவும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ நேர் எதிராக அமைந்தது தற்செயல். அந்தத் தற்செயலால்தான் தொலைக்காட்சிக்காகச் செய்த திருத்தம் கண்ணுக்கும் பொருந்திவிட்டது. 1996இல் ஹியூலெட் பேக்கர்டும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்து, 1999இல் சர்வதேசத் தரமான எஸ்ஆர்ஜிபி அந்த வளைவையே சூத்திரமாக எழுதி வைத்தது. அதில் இருளின் கடைசி முனையில் ஒரு சிறு நேர்கோடும், அதற்கு மேல் 2.4 அடுக்கும் இருக்கின்றன. மொத்தமாகப் பார்த்தால் 2.2க்கு மிக நெருக்கம். ஆப்பிள் கணினிகள் மட்டும் நெடுங்காலம் 1.8 வைத்திருந்தன. 2009இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் இயங்குதளத்தோடு அவையும் 2.2க்கு வந்துவிட்டன. இன்று நாம் எடுக்கும் பெரும்பாலான ஜேபெக் படங்களும், இணையத்தில் பார்க்கும் படங்களும் இந்த வளைவிலோ இதை ஒட்டிய ஒன்றிலோதான் எழுதப்பட்டிருக்கின்றன.

சேமித்து வைப்பதற்கும் அனுப்புவதற்கும் இது அருமையான ஏற்பாடு. கணக்குப் போடுவதற்கு உதவாது. 

ஒரு சுவர், அதன்மேல் ஒரு விளக்கு. சுவரின் ஒரு புள்ளியில் குறியெண் 120 வருகிறது. அதே அளவுள்ள இரண்டாவது விளக்கைப் போடுகிறோம். ஒளிக்குக் கூட்டல்தான் சட்டம், ஒரு விளக்கின் ஒளி இன்னொன்றின் ஒளியைத் தடுப்பதில்லை. 120 என்பது 18.8 சதவீத ஒளி. இரண்டும் சேர்ந்தால் 37.6 சதவீதம், அதன் குறியெண் 165. வளைவைப் பற்றி யோசிக்காமல் எழுதிய நிரல் 120ஐயும் 120ஐயும் கூட்டி 240 என்று போடும். திரையில் அது 87 சதவீத ஒளி. இரண்டு மடங்காக வேண்டியது நான்கரை மடங்குக்கு மேல் போய்விட்டது. மூன்றாவது விளக்கைப் போட்டால் சரியான விடை 198. தப்பான கணக்கில் 360, அதாவது 255ஐத் தாண்டி வெறும் வெள்ளையாக வெளிறிப்போகும். பழைய முப்பரிமாணப் படங்களில் இரண்டு விளக்குகளின் வட்டம் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடம் சுட்டுப்போனது போல இருப்பதற்கு இதுதான் காரணம். 

தூரத்தை எடுத்துக்கொண்டால் தப்பு இன்னும் ஆழமாகப் போகிறது. விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால் ஒளி நான்கில் ஒன்றாகும். நிரல் எழுதுபவர் பள்ளியில் படித்த அந்தச் சூத்திரத்தை அப்படியே எழுதுகிறார். விடையான நான்கில் ஒன்று திரைக்கு நேராகப் போகிறது. திரை அதை 2.2 அடுக்குக்கு உயர்த்தி ஏறத்தாழ இருபத்தொன்றில் ஒன்றாக்கிவிடுகிறது. விளக்கின் காலடியில் மட்டும் வெளிச்சம், இரண்டடி தள்ளினால் கும்மிருட்டு. இயற்பியல் சூத்திரம் சரிப்பட்டு வராது என்று ஒளியமைப்புக் கலைஞர்கள் முடிவுகட்டினார்கள். தூரம் இரண்டு மடங்கானால் ஒளியைப் பாதியாக்கினால் போதும் என்று மாற்றிக்கொண்டார்கள், அது இயல்பாகத் தெரிந்தது. தெரியாமல் இருக்குமா? பாதியை 2.2 அடுக்குக்கு உயர்த்தினால் 4.6இல் ஒன்று வருகிறது, இயற்கையின் நான்கில் ஒன்றுக்கு மிக நெருக்கம். கண்ணை மட்டும் நம்பி வேலை பார்த்தவர்கள், தங்கள் மென்பொருளில் இருந்த பிழையைத் தலைகீழாகத் தடவிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சமாளிப்பு ஒரு விளக்குக்கு மட்டும்தான் பொருந்தும். இரண்டாவது விளக்கைப் போட்டவுடன் மேலே சொன்ன கூட்டல் பிழை வந்து நிற்கும், அதற்குத் தனிச் சமாளிப்பு வேண்டும்.

ஒரு வெள்ளைப் பந்தைப் பக்கவாட்டிலிருந்து ஒரே விளக்கால் வெளிச்சமாக்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். சுண்ணாம்புச் சுவர் போல மங்கலான பரப்பில் ஒளி சாய்ந்து விழ விழ, கோணத்தின் கோசைன் அளவுக்கு வெளிச்சம் குறையும். 60 பாகைச் சாய்வில் பாதி. வளைவைக் கவனிக்காமல் விட்டால் அந்தப் பாதி 21.6 சதவீதமாகத் திரைக்கு வரும். 75 பாகையில் கால்வாசிக்கும் சற்று மேல் இருக்க வேண்டியது 5 சதவீதத்துக்குச் சரிந்துவிடும். பந்தின் ஒரு பக்கம் வெளிச்சம், பிறகு சட்டென்று ஒரு நிழல் பட்டை, அதற்கப்பால் கரி. இருட்டைப் போக்க ஒரு நிரப்பு விளக்கு, அதுவும் போதாமல் எல்லா இடத்திலும் சமமாகப் பரவும் ஒரு பொது வெளிச்சம் என்று போட்டுக்கொண்டே போனார்கள். பழைய கணினி வரைகலையில் முகங்கள் பிளாஸ்டிக் பொம்மை போல இருந்ததற்கு இந்த ஒட்டுப் போட்ட ஒளியமைப்புக்கும் பங்குண்டு. மாதிரியின் நுணுக்கக் குறைவு மட்டும் காரணமில்லை.

பட்டுத் தெறிக்கும் ஒளியைக் கணக்கிடும் ரெண்டரர்களில், பாதிப்பு எல்லாவற்றையும்விடப் பெரிது. ஒரு சுவரின் வண்ணத்துக்கு 188 சாம்பலை ஒரு புகைப்படத்திலிருந்து எடுக்கிறோம். அந்தச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் பாதியைத் திருப்பி அனுப்பும் சுவர். வளைவை நீக்காமல் 188ஐ 255ஆல் வகுத்துப் போட்டால் 74 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சுவராகிவிடும். மூன்று சுவரில் பட்டுத் திரும்பிய ஒளி உண்மையில் எட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். தப்பான சுவர்களில் 40 சதவீதம் மிஞ்சியிருக்கும், மூன்று மடங்குக்கும் மேல். மூலை முடுக்குகளில் இருள் சேராது. அறை முழுவதும் பால் ஊற்றியது போல் வெளுத்து நிற்கும். வண்ணச் சுவராக இருந்தால் இன்னும் மோசம், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வெவ்வேறு அளவில் தப்பாவதால் வண்ணமே திரிந்துவிடும்.

லீனியர் வொர்க்ஃப்ளோ என்று ஸ்டுடியோக்களில் சொல்வது இந்தக் கோளாறுகளுக்கெல்லாம் ஒரே மருந்து. உள்ளே வரும் படங்களின் வளைவை முதலில் நீக்கி உண்மையான ஒளியளவாக மாற்றிக்கொள்ள வேண்டும். கணக்கு எல்லாவற்றையும் அந்த ஒளியளவில் செய்ய வேண்டும். கடைசியாகத் திரைக்கு அனுப்பும் இடத்தில் மட்டும் வளைவைத் திரும்பப் போட வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்யும்போது தடுக்கிவிழ வைக்கும் இடங்கள் இருக்கின்றன. 

எல்லாப் படக் கோப்பும் வண்ணம் அல்ல என்பது முதல் இடம். பரப்பின் மேடு பள்ளங்களைக் குறிக்கும் நார்மல் மேப் என்ற கோப்பு பார்ப்பதற்கு ஊதா நிறப் படம் போல இருக்கும். அதிலுள்ள எண்கள் பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சொல்பவை. சமதளம் என்பதற்கு அதில் 128, 128, 255 என்று எழுதியிருக்கும். இதையும் வண்ணம் என்று நினைத்து வளைவை நீக்கினால் 128 என்பது 0.5இலிருந்து 0.216ஆகச் சரியும். அதைத் திசையாக மாற்றும்போது, நேராக நிமிர்ந்து பார்க்க வேண்டிய பரப்பு ஏறத்தாழ 39 பாகை சாய்ந்துவிடும். தரையில் விரித்த கல்தளம் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்தது போல ஒளியை வாங்கும். இதைத் தவிர்ப்பதற்காகத்தான் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இப்படிப்பட்ட கோப்புகளுக்கு நான்-கலர் என்று குறிக்கச் சொல்கிறார்கள். பரப்பின் சொரசொரப்பைக் குறிக்கும் கோப்புக்கும், எவ்வளவு ஒளி ஊடுருவும் என்று சொல்லும் ஆல்பாவுக்கும் இதே விதிதான்.

வளைவை இரண்டு முறை போட்டுவிடுவது இரண்டாவது இடம். ரெண்டரர் ஒரு முறை போட்டு அனுப்ப, படத்தைக் காட்டும் மென்பொருள் இன்னொரு முறை போட்டுவிடும். பாதி ஒளிக்கு 188 வருவதற்குப் பதில் 223 வரும். படம் பனிமூட்டத்தில் நனைந்தது போல வெளிறிக் கிடக்கும். இதைப் பார்த்ததும் காண்ட்ராஸ்ட் ஸ்லைடரை இழுத்துச் சரிசெய்துவிடத் தோன்றும். இழுக்கக் கூடாது. எந்த இடத்தில் இரண்டாவது வளைவு நுழைந்தது என்று தேடிப் பிடிக்க வேண்டும். ஸ்லைடரால் சரிசெய்த படம் அந்த ஒரு காட்சிக்கு மட்டும்தான் சரியாக இருக்கும், அடுத்த காட்சியில் திரும்ப ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வளைவை நீக்கிய எண்களைத் திரும்ப 8 பிட்டில் சேமித்துவிட்டால், முன்னே பார்த்த 0, 13, 22 படிக்கட்டு வந்துவிடும். அதனால் இடையில் வரும் கணக்கையெல்லாம் தசம எண்களாகவே வைத்திருப்பார்கள். இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் தன் திரைப்பட வேலைகளுக்காக உருவாக்கி 2003இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஓப்பன்இஎக்ஸ்ஆர் கோப்பு வடிவம் இதற்காகவே பிறந்தது. 16 பிட் தசம எண்ணில் அது 65,504 வரை மதிப்புகளைத் தாங்கும். வெள்ளைக் காகிதம் 1 என்றால், சன்னலுக்கு வெளியே தெரியும் வானத்துக்கு 30, விளக்கின் இழைக்கு 5,000 என்று அப்படியே எழுதி வைக்கலாம், 1இல் வெட்ட வேண்டியதில்லை.

வரைகலை வன்பொருளும் இதைத் தன்னிடமே எடுத்துக்கொண்டது. பரப்பின்மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சர் எஸ்ஆர்ஜிபி வகை என்று சொல்லிவிட்டால், வரைகலைச் சில்லான ஜிபியு அதைப் படிக்கும்போதே வளைவை நீக்கித் தருகிறது. பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து மென்மையாக்கும் வேலை அதற்குப் பிறகுதான் நடக்கிறது. ஷேடர் என்ற ஜிபியு நிரலில் கைப்பட 2.2 அடுக்கு எழுதுவதைவிட இது மேலானதற்குக் காரணம் அந்த வரிசைதான். கையால் எழுதினால் கலப்பது முதலில் நடந்து, வளைவு நீங்குவது பிறகு நடக்கும். நட்சத்திரத்துக்கு நேர்ந்தது ஒவ்வொரு டெக்ஸ்சருக்கும் நேரும்.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. கணினி வரைகலை முன்னோடி ஜிம் பிளின் 1980களின் முடிவிலேயே தன் பத்தியில் இதைப் பற்றி எழுதினார். ஆல்வி ரே ஸ்மித் 1995இல் எழுதினார். இருந்தும் கணினி விளையாட்டுகளில் இது பரவலாக 2000களின் பிற்பகுதி ஆகிவிட்டது. 2007இல் வந்த ஜிபியு ஜெம்ஸ் 3 நூலில் லாரி கிரிட்ஸும் யூஜின் தியோனும் ஒரு முழு அத்தியாயத்தை இதற்கே ஒதுக்கினார்கள். அன்சார்ட்டட் 2 விளையாட்டில் இதைச் செய்த அனுபவத்தை ஜான் ஹேபிள் 2010இல் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் விளக்கியபோது பலர் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சூத்திரம் ஒரு வரி, கணினிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பின் ஏன் இவ்வளவு தாமதம்?

எனக்குத் தெரிந்தவரை இரண்டு காரணங்கள். இந்தப் பிழை பிழையாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிரல் நின்றுபோவதில்லை, படம் தலைகீழாக வருவதில்லை. நிழல் கொஞ்சம் கடுமை, விளிம்பு கொஞ்சம் கூர்மை, வெளிச்சம் கொஞ்சம் வெளிறல் என்றுதான் வருகிறது. பார்ப்பவர் அதைக் கலைஞரின் ரசனை என்றே எடுத்துக்கொள்கிறார். இன்னொரு காரணம் கொடுமையானது. பல ஆண்டுகள் தப்பான கணக்கில் உழைத்த ஒரு குழுவிடம் நூற்றுக்கணக்கான விளக்குகளும் டெக்ஸ்சர்களும் அந்தத் தப்புக்கேற்பத் திருத்தப்பட்டுக் கிடக்கும். ஒரு நாள் யாரோ சரியான கணக்கை இயக்கிவிட்டால் எல்லாம் வெளுத்துத் தட்டையாகிவிடும். சரியானது பார்வைக்கு மோசமாகவும், தப்பானது அழகாகவும் தெரியும் அந்த முதல் நாளில்தான் பல குழுக்கள் பின்வாங்கின. யூனிட்டி போன்ற விளையாட்டு எஞ்சின்களில் கலர் ஸ்பேஸ் என்ற இடத்தில் காமா, லீனியர் என்று இரண்டு தேர்வும் இருக்கின்றன. அதைப் பாதி வேலையில் மாற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த அதிர்ச்சி புரியும். திட்டத்தின் முதல் நாளிலேயே தேர்ந்தெடுத்துவிட வேண்டிய விஷயம் இது.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் நேரியலில், அதாவது வளைவை நீக்கிய ஒளியளவில், செய்தால்தான் சரி என்று ஆகிவிடாது. ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்று கணக்கிடும்போது நேரியல் வேண்டும்: விளக்குகளைக் கூட்டுவது, படத்தைச் சுருக்குவது, மங்கலாக்குவது, ஒன்றின்மேல் ஒன்றைக் கலப்பது எல்லாம் அதில் சேரும். கண்ணுக்குச் சம இடைவெளியில் தெரிய வேண்டியவற்றை அப்படிச் செய்யக் கூடாது. கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரு படிநிலைப் பட்டையை நேரியலில் வரைந்தால், கறுப்பு ஒரு ஓரத்தில் ஒடுங்கிப்போய் முக்கால்வாசிப் பட்டை வெளுப்பாகவே தெரியும். எழுத்துகளின் விளிம்பும் சிக்கலானது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தை முறைப்படி நேரியலில் கலந்தால் கோடுகள் மெலிந்து நோஞ்சானாகத் தெரியும். பல எழுத்துருக்கள் பழைய தப்பான கலவையில் பார்த்துப் பார்த்துச் செதுக்கப்பட்டவை என்பதால் அங்கே கணக்குக்கும் கண்ணுக்கும் இன்னும் இழுபறி நடக்கிறது.

வண்ணக் கலவையில் அந்த இழுபறிக்கு இடமே இல்லை. சிவப்பிலிருந்து பச்சைக்கு ஒரு பட்டையை இணையப் பக்கத்தில் வரையச் சொன்னால் நடுவில் சேற்றுப் பழுப்பு வரும், எண் 128, 128, 0. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் பாதிப் பாதி கலந்தால் 188, 188, 0 என்ற தெளிவான மஞ்சள் வர வேண்டும். பட்டையை நேரியலில் கலக்கும்படி உலாவிக்குச் சொல்ல சிஎஸ்எஸ் மொழியில் இப்போது வழி வந்துவிட்டது. யாரும் சொல்லாவிட்டால் பழைய சேறுதான் வழக்கமாக வரும்.

திரைகளோ மறுபடி மாறிக்கொண்டிருக்கின்றன. எஸ்ஆர்ஜிபி தரம் எழுதப்பட்டபோது மனத்தில் வைத்திருந்த மானிட்டரின் உச்ச வெளிச்சம், திரை வெளிச்சத்தை அளக்கும் அலகில், 80 நிட். இன்றைய எச்டிஆர் தொலைக்காட்சிகள் 1,000 நிட்டைத் தொடுகின்றன. அவ்வளவு பெரிய வீச்சுக்குப் பழைய 2.2 வளைவு போதாது, இருளில் படிக்கட்டு விழும். டால்பி நிறுவனம் கண்ணின் உணர்திறனை அளந்த ஆய்வுகளிலிருந்தே நேராக ஒரு புதிய வளைவைக் கட்டியது. பிகியூ என்று அழைக்கப்படும் அது 2014இல் தரமாக ஏற்கப்பட்டது. அது 10,000 நிட் வரை அளக்கிறது. இதில் பிக்சர் டியூபின் சாயல் எதுவும் இல்லை, கண் மட்டும்தான் இருக்கிறது. ரெண்டரருக்குள் இதற்காக ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கடைசி அடியில் எஸ்ஆர்ஜிபி வளைவு இருந்த இடத்தில் பிகியூ வளைவைப் பொருத்தி, புதிய திரையின் வீச்சுக்கு ஏற்றபடி உச்ச வெளிச்சங்களை அமைத்தால் போதும். தங்கள் காட்சிகளை ஓப்பன்இஎக்ஸ்ஆரில் ஒளியளவாகவே சேமித்து வைத்திருந்த ஸ்டுடியோக்கள், பழைய படங்களின் விளக்கு இழையையும் சன்னல் வானத்தையும் அந்தக் கோப்புகளிலிருந்தே எடுத்துப் புதிய திரைக்கு அனுப்ப முடிகிறது. 8 பிட் குறியெண்ணாக மட்டும் வைத்திருந்தவர்களிடம் அந்த வானம் 255 என்ற ஒரே எண்ணாகத்தான் இருக்கிறது.